ஒரு பேணி சீஸ்

எழிலரசிக்கு எண்ணெயையும் தண்ணீரையும் பிரிப்பதுதான் வேலை. கச்சா எண்ணெய் நிலத்துக்கடியிலிருந்து தனியாக வருவதில்லை. உப்புத் தண்ணீரோடு கலந்து, கடைந்த மோர் மாதிரி வருகிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக எண்ணெய்க்குள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு துளியையும் சுற்றி மெல்லிய தோல் ஒன்று இருக்கும். அந்தத் தோல் இருக்கிற வரைக்கும் இரண்டு துளிகள் முட்டிக்கொண்டாலும் ஒன்றாகாது. தோலைக் கிழிக்கிற மருந்தைக் கொஞ்சம் விட்டால் துளிகள் சேர்ந்து, பெரிதாகி, கனத்து, அடியில் போய்த் தங்கிவிடும். மேலே தெளிந்த எண்ணெய் நிற்கும். ஹூஸ்டனில் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, எந்த மருந்து எந்த எண்ணெயைச் சீக்கிரம் பிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நவம்பரில் வீட்டில் அவளுக்கு இதற்கு நேர் எதிரான வேலை ஒன்று வந்தது.

அவளுடைய மாமியார் பத்மராணிக்கு நாக்கின் அடியில் கட்டி இருந்தது. கதிர்வீச்சு கொடுத்துக் கரைத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. கட்டி போய்விட்டது, ஆனால் சாப்பாடு உள்ளே போகவில்லை. கதிர்வீச்சு கட்டியை மட்டும் தேடிப் போய் அடிப்பதில்லை. வழியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும், நாக்கின் சுவை மொட்டுகளையும் அடித்துவிட்டுப் போகிறது. நாம் மெல்லும்போது உணவை ஒன்றாகத் திரட்டி, வழுக்கிக்கொண்டு தொண்டைக்கு அனுப்புவது உமிழ்நீர்தான். அது வற்றிவிட்டால் இட்லிகூட வாய்க்குள் உதிர்ந்து மரத்தூளாகக் கிடக்கும். சுவையும் போய்விட்டதால், பத்மராணிக்கு உணவில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அது வழவழப்பாக இருக்கிறதா, இல்லையா. எப்போதும் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் ஒரு வார்த்தை பேசினார். அதனால் குறைவாகப் பேசினார்.

மருத்துவமனையில் டயட்டீஷியன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வரும்போது, வாயால் முழுதாக ஒரு வேளையாவது சாப்பிட முடிகிறது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் உணவு. குழாய் வைப்பது பெரிய காரியமில்லை, நிறையப் பேருக்கு வைப்பதுதான் என்றும் சொன்னாள். பத்மராணி அந்த நிறையப் பேரில் சிலரைக் காத்திருக்கும் அறையில் பார்த்திருந்தார். சட்டையை விலக்கி, சிரிஞ்சில் பழுப்பாக எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாய் இருக்க வயித்தால சாப்பிடுறதோ," என்றார் காரில் திரும்பி வரும்போது. அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகன் நிரோஜன், டயட்டீஷியன் சொன்ன உணவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். பூசணி சூப். தலையை ஆட்டினார், வேண்டாம். தயிர். வேண்டாம். மக்கரோனி அண்ட் சீஸ். பத்மராணி ஒரு விரலைத் தூக்கினார்.

"எங்கட மக்கரோனி," என்றார்.

எங்கட மக்கரோனி என்பது ஓவனில் வைத்துச் சுடுவது. கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்த காலத்திலேயே அந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் அதுதான். ஹூஸ்டனுக்கு வந்த பிறகு தேங்க்ஸ்கிவிங்குக்கும் சேர்ந்துகொண்டது. எழிலரசி கல்யாணமாகி வந்த நாலு வருடமாகச் சாப்பிட்டிருக்கிறாள். செய்வதைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் மாமி தட்டை ஓவனுக்குள் தள்ளி, சிங்கையும் கழுவி வைத்திருப்பார். இப்போது மாமிக்கு அடுப்படியில் நிற்கத் தெம்பில்லை.

"எப்படிச் செய்யோணும்னு சொல்லுங்க மாமி. நான் செய்யறேன்."

பத்மராணி தண்ணீர் குடித்தார். "மக்கரோனி அவிச்சு எடு. பட்டர். மா ஒரு தேக்கரண்டி. பால்." இன்னொரு வாய் தண்ணீர். "ஒரு பேணி சீஸ். ரெண்டு முட்டை. மிளகு. மேல ரஸ்க் தூள்."

"ஒரு பேணி. சரிங்க."

எழிலரசிக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. கோபிச்செட்டிபாளையத்துப் பெண் அவள். வந்த புதிதில் மாமி "அடுப்பை நூர்த்துவிடு" என்றபோது, எதையோ நூற்கச் சொல்கிறார் என்று நினைத்து நின்றவள். நூர்ப்பது என்றால் அணைப்பது என்று பிறகுதான் தெரிந்தது. உறைப்பு என்றால் காரம், கதைப்பது என்றால் பேசுவது. பேணியும் அப்படிப் படித்த வார்த்தைதான். மாமி தன் எவர்சில்வர் டம்ளரைக் காட்டி, "என்ர பேணியை எடுத்துத் தா பிள்ளை" என்று தினமும் கேட்பார். பேணி என்றால் டம்ளர். இதைப் போய் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை அவள் நல்ல கடையாகப் பார்த்துப் போய், இரண்டு வருடம் பதப்படுத்திய செடார் சீஸ் வாங்கி வந்தாள். நோயாளிக்குச் செய்வது, உயர்ந்த சரக்காக இருக்கட்டும் என்று.

நிரோஜன் அட்டையைப் படித்தான். "ரெண்டு வருஷம் வச்சதோ? அம்மா அறிஞ்சா பழுதாப்போச்சுதெண்டு எறிஞ்சிடுவா."

"ஒயின் மாதிரி நிரோ. வெச்சா ருசி கூடும்."

"அவவுக்குத்தான் ருசி தெரியாதே."

எழிலரசி துருவியை எடுத்தாள். சீஸைத் துருவி, மாமியின் டம்ளரிலேயே அமுக்கி அளந்தாள். மக்கரோனியை வேகவைத்தாள். வெண்ணெயில் மைதா வறுத்து, பால் விட்டுக் காய்ச்சி, சீஸைப் போட்டாள். பாத்திரத்தில் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஓவனிலிருந்து வெளியே எடுத்தபோது ஓரங்களில் மஞ்சளாக எண்ணெய் நின்றது. கரண்டியால் கிளறினால் குழம்பு முழுக்கப் பொடிப் பொடியாக இருந்தது.

பத்மராணி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு கைக்குட்டையில் துப்பினார்.

"மண்," என்றார்.

"என்னங்க மாமி?"

"மண்ணும் எண்ணெயும்."

எழிலரசிக்கு அதில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அவளுடைய குழாய்களில் நாள் முழுக்கக் காத்திருந்தும் பிரியாத எண்ணெய்களைப் பார்த்தவள் அவள். இது யாரும் கேட்காமலே பிரிந்திருந்தது.

சீஸ் என்பது பால் புரதத்தால் பின்னிய வலை. புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது பாலில் இருக்கும் கால்சியம். வலையின் கண்களுக்குள் கொழுப்பு அடைபட்டிருக்கும். சூடு பட்டதும் கொழுப்பு உருகும், வலை இறுகிச் சுருங்கும். ஈரத்துணியைப் பிழிவது போலக் கொழுப்பு வெளியே வந்துவிடும். வெளியே வந்தது எண்ணெய், சுருங்கிக் கிடப்பது மண். சூடு அதிகமானால் இது சீக்கிரம் நடக்கும். அப்படியென்றால் தவறு சூட்டில் இருக்கிறது என்று அவள் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலைக் கொதிக்கவிடவில்லை. அடுப்பை நூர்த்த பிறகே சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தாள். ஓவனின் சூட்டையும் குறைத்தாள். இந்தத் தடவை எண்ணெய் குறைவாக நின்றது. மண்ணும் பொடி மண்ணாகியிருந்தது. ஆனால் இருந்தது. பத்மராணி இரண்டு ஸ்பூன் விழுங்கினார். மூன்றாவதில் புரையேறி, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். மாமனார் வரதராஜா முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

இருமல் அடங்கியதும் பத்மராணி தட்டைத் தள்ளி வைத்தார். "இனி வேண்டாம் பிள்ளை. குழாயைப் போடட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. லைட்டை அணைக்கச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார்.

மிச்சத்தை நிரோஜன் சாப்பிட்டான். "எனக்கெண்டா நல்லாத்தான் கிடக்கு."

"உனக்கு எச்சி ஊறுது நிரோ. மண்ணைக் குடுத்தாலும் குழைச்சு உள்ள தள்ளிரும். அவங்களுக்கு அது இல்ல."

"ஸ்கூல் டேய்ஸில நான் பெட்டி மக்கரோனி எவ்வளவு சாப்பிட்டிருப்பன். ஒரு நாளும் இப்படிப் பிரிஞ்சதில்ல."

"அது சீஸே இல்ல. ஆரஞ்சுப் பவுடர்."

"பவுடரோ என்னவோ. வழுக்கிக்கொண்டு போகும்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மதியத்திலிருந்து மழை. ஹூஸ்டன் தட்டையான ஊர். மழை வலுத்தால் தண்ணீருக்கு ஓடிப்போக இடமில்லை, சாலைகளிலேயே தங்கிவிடும். எழிலரசி கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டாள். நிரோஜன் அலுவலகத்திலிருந்து போன் பண்ணினான். ஃப்ரீவேக்குப் பக்கத்து ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வடிந்த பிறகுதான் டிரைவ் பண்ண முடியும் என்றான். மாமி மதியம் சத்துப்பானத்தில் பாதி குடித்துவிட்டுப் படுத்திருந்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும் நாளும்கூட. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வரதராஜா, கணக்கு முடிப்பது போலக் குப்பை பிரிப்பவர். எழிலரசி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது, அவர் சிங்க் அருகிலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளை, பேணியளைக் கழுவிப்போட்டு நீலத் தொட்டிக்குள்ள போடச் சொன்னனானெல்லோ. பார், தக்காளி ஒட்டிக்கொண்டு கிடக்கு."

"சாரிங்க மாமா," என்று திரும்பியவள், அவர் கையைப் பார்த்தாள். கையில் இருந்தது தக்காளி வந்த தகர டின்.

"மாமா. இப்ப எதைப் பேணின்னு சொன்னீங்க?"

"இதைத்தான்."

"பேணின்னா டம்ளர்தானுங்களே?"

"அதுவும் பேணி. இதுவும் பேணி. தேத்தண்ணி குடிச்சா அந்தப் பேணி, சாமான் அடைச்சு வந்தா இந்தப் பேணி." இதில் என்ன சந்தேகம் என்பது போல அவர் குழாயைத் திறந்து டின்னைக் கழுவத் தொடங்கினார்.

"அப்ப ஒரு பேணி சீஸ்னா?"

"சீஸ் பேணி. இவ்வளவு உயரம்." கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினார். "வெள்ளவத்தையில பிரிட்ஜ் இல்லாத வீட்டிலயும் அலுமாரிக்குள்ள கிடக்கும். பழுதாகாது. இஞ்ச வந்த புதுசில ஆராவது கொழும்பால வந்தா கொண்டுவருவினம். இப்ப நான் ஹில்க்ராஃப்ட் ரோட்டில இருக்கிற இந்தியன் கடைக்குப் போய், பிரிட்ஜுக்குள்ள கிடக்கிற கட்டிச் சீஸை வாங்கிக் குடுப்பன். அதுவும் பேணிச் சீஸ் மாதிரித்தான். அவ அதையும் பேணி எண்டுதான் சொல்லுவா."

"ஏன் மாமா, ரெண்டு நாளா நான் இத்தனை பாடுபட்டனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"என்னை ஆர் கேட்டது?" என்றார் வரதராஜா. "நீ படிச்ச பிள்ளை, வேற விதமாச் செய்யிறாய் எண்டு நினைச்சன்."

அலமாரியில் பழுதாகாமல் கிடக்கும் சீஸ். எழிலரசி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டின் சீஸ் என்பது ஏற்கெனவே உருக்கப்பட்ட சீஸ். சாதாரண சீஸை உருக்கும்போதே அதில் சிட்ரேட் மாதிரி ஒரு உப்பைச் சேர்த்துவிடுவார்கள். அந்த உப்பு புரத இழைகளுக்கு நடுவில் இருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கட்டு அவிழ்ந்ததும் இழைகள் தளர்ந்து தண்ணீரில் பரவும். ஒரு முனைக்குத் தண்ணீரைப் பிடிக்கும், மறு முனைக்குக் கொழுப்பைப் பிடிக்கும். ஆகவே அவை போய் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றித் தோலாகப் படிந்துகொள்ளும். எத்தனை தடவை சூடாக்கினாலும் துளிகள் ஒன்று சேராது. அலுவலகத்தில் அவள் தினமும் கிழிக்கிற அதே மாதிரித் தோல்தான்.

மாமி மாவை ஒரே ஒரு தேக்கரண்டி சொன்னதன் காரணமும் இப்போது புரிந்தது. குழம்பைப் பிரியாமல் பிடித்து வைக்கிற வேலையை டின் சீஸே செய்துவிடும், மாவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. இன்னொன்றும் புரிந்தது. சீஸ் வயதாக ஆக அதன் புரத இழைகள் துண்டு துண்டாகிவிடும். துண்டு இழைகளால் கொழுப்பைப் பிடித்து வைக்க முடியாது. இரண்டு வருடச் சீஸ் என்று தேடிப்போய், எல்லாவற்றிலும் சீக்கிரம் பிரிவதைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள். நிரோஜனின் ஆரஞ்சுப் பவுடரிலும் இந்த வகை உப்பு இருந்திருக்கும்.

ஹில்க்ராஃப்ட்டுக்குப் போகிற மழை இல்லை அது. போனில் வெள்ள எச்சரிக்கை இரண்டு தடவை அலறியிருந்தது. ஆனால் வேண்டியது அந்தக் கடைச் சீஸ் இல்லை, அதற்குள் இருக்கிற உப்பு. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம். அதில் சமையல் சோடாவைப் போட்டால் கிடைப்பது சோடியம் சிட்ரேட்.

"மாமா, எலுமிச்சம்பழம் இருக்குங்களா?"

"தேசிக்காயோ?"

"இன்னைக்கு எந்த வார்த்தையையும் நான் நம்பறதா இல்லீங்க. மஞ்சளா, புளிப்பா, பிழிஞ்சா சாறு வரும்."

"தேசிக்காய்தான்," என்று இரண்டை எடுத்து வைத்தார்.

"ஆப்பச்சோடா?"

"அப்பச்சோடா. 'ஆ'வைக் குறுக்கிப்போட்டம். மற்றபடி அதேதான்."

சாற்றைப் பிழிந்து, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். பொங்கி நுரைத்தது. நுரை அடங்கினால் இன்னும் கொஞ்சம். போட்டும் பொங்காமல் கிடந்தால் புளிப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதைப் பாலில் கலந்து சூடாக்கி, அதே இரண்டு வருடச் சீஸைப் போட்டாள். சீஸ் கரைந்த விதத்தைப் பார்க்க வரதராஜாவைக் கூப்பிட்டாள். துருவல் நூலாக இழுபடவில்லை, கட்டியாகவில்லை. கரண்டியைத் தூக்கினால் கஸ்டர்ட் மாதிரி மடிந்து விழுந்தது. எல்லாச் சமையலிலும் போடுவது போல உப்புப் போட்டாள். மக்கரோனி, முட்டை, மிளகு. ரஸ்க் தூளைத் தட்டின் பாதிக்கு மட்டும் தூவினாள். மறுபாதி மாமிக்கு, மொறுமொறுப்பு தொண்டையில் கீறும். ஓவன் வேலையை முடித்தபோது தட்டின் ஓரத்தில் எண்ணெய் இல்லை.

சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். பத்மராணி விழித்துத்தான் இருந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"சாப்பிட வேண்டாமுங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். நீங்க ஒரு பேணி சீஸ்னு சொன்னீங்கல்ல. நான் அதை இதுல அளந்து போட்டனுங்க." மேசைமேல் இருந்த டம்ளரைக் காட்டினாள். "ரெண்டு நாளும்."

பத்மராணி டம்ளரைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. சிரித்தால் வாய் வலிக்கும் என்பதால் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு, மூக்கால் சிரித்தார். வாசலில் நின்ற வரதராஜாவும் சிரித்தார்.

"உவர் சொல்லேல்லையோ?" என்று கணவரைக் காட்டிக் கேட்டார்.

"ஆரும் கேக்கேல்ல," என்றார் வரதராஜா.

பத்மராணி கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினார். முதல் ஸ்பூனை வாயில் வைத்தார். தொண்டை அசைந்தது. இரண்டாவது. எழிலரசி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அந்தத் தொண்டையையே ஆய்வகக் குழாயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பவில்லை, இருமவில்லை. பாதிக் கிண்ணம் போனது. நனைந்த சட்டையோடு நிரோஜன் வந்து, அப்பாவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். கிண்ணம் காலியானது.

பத்மராணி தண்ணீர் குடித்தார். "உப்புக் கூடிப்போச்சு," என்றார். "நான் உப்புச் சொன்னனானே?"

எழிலரசி யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லைதான். டின் சீஸில் அந்த உப்புகளே போதுமான அளவு இருக்கும். எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்து ஆனதும் உப்புக் கரிக்கும். அதன்மேல் அவள் ஒரு ஸ்பூன் உப்பையும் போட்டிருந்தாள்.

நிரோஜன்தான் முதலில் கேட்டான். "அம்மா, உப்புத் தெரியுதோ?"

"பின்ன?" என்றார் பத்மராணி எரிச்சலாக. பிறகுதான் அவருக்கும் புரிந்தது. நாக்கின் நுனியை உதட்டின்மேல் தேய்த்துப் பார்த்தார். "இஞ்ச மட்டும்," என்று நுனியின் ஒரு பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் கொண்டு வா."

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் நிறுத்துப் பார்த்தார்கள். எடை போன தடவையைவிடக் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. ஒரு வேளைச் சாப்பாடு எடையில் தெரிந்துவிடாது. ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றரைக் கிண்ணம் வாயால் இறங்கியது என்பதையும், ஓர் இடத்தில் உப்புத் தெரிகிறது என்பதையும் கேட்டதும் டயட்டீஷியன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடலாம், அப்போதும் எடை இறங்கினால் மறுபடியும் பேசுவோம் என்றாள். பிறகு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

நிரோஜன் வாயைத் திறப்பதற்குள் பத்மராணியே ஆங்கிலத்தில் சொன்னார். "மக்கரோனி. ஒன் டின்."

டயட்டீஷியனுக்கு மகிழ்ச்சி. டின்னில் வரும் மக்கரோனியா, எந்தக் கம்பெனி, மற்ற நோயாளிகளுக்கும் சொல்லலாமே என்று கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தாள். எழிலரசி திருத்துவதற்காக முன்னால் நகர்ந்தாள். எலுமிச்சையிலிருந்து தொடங்குவதா, கால்சியத்திலிருந்து தொடங்குவதா என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

பத்மராணி பையிலிருந்து தன் பேணியை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"விடு பிள்ளை," என்றார். "விளங்கப்படுத்த நீ துவங்கினா, நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை போகமாட்டம்."